பையனுக்கு எந்தப் பழக்கமும் இல்லை

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பெண் வீட்டார் ஜீவனஹள்ளிக்கு நம் வீடு பார்க்க வருகிறார்கள். நேற்று நீ மாரத்தஹள்ளியிலிருந்து ஃபோன் செய்தாய். எந்தச் சட்டை போடுவது, இனிப்பு எங்கே வாங்குவது என்றெல்லாம் அம்மாவிடம் பேசிவிட்டு, ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொன்னாய். "அப்பா, பழக்கவழக்கம் பத்திக் கேப்பாங்க. வழக்கம்போல சொல்லிடுங்க" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். 'வழக்கம்போல' என்று நீ சொன்னது என்னைத் தூங்க விடவில்லை. ஃபோனில் பேசினால் நீ நடுவில் வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நம்மவர்கள் வரன் பார்க்க வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்துபோக மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். வேலை என்ன, வீடு சொந்தமா, கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்டு முடித்து, காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்தி, "மத்தபடி பையனுக்குப் பழக்கம் ஏதும்..." என்று பாதியில் நிறுத்துவார்கள். மீதியைப் பையனின் அப்பா சொல்ல வேண்டும். "சேச்சே, எந்தப் பழக்கமும் கிடையாது." எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு ஜாதகம், மண்டபம் என்று பேச்சு நகர்ந்துவிடும். நான் அந்த வாக்கியத்தை உனக்காக ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். வரன் பார்க்க வந்தவர்களிடம் அல்ல; ஆஸ்பத்திரியில்.

நீ பி.யு.சி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து டானரி ரோட்டில் போகும்போது டெம்போ ஒன்று உரசி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் சேர்த்தோம். வீக்கம் வடிந்த பிறகுதான் பிளேட் வைக்க முடியும் என்றார்கள். சேர்த்த அன்று ஓர் இளம் ஹவுஸ் சர்ஜன் வந்தார். தலை நிமிராமல், "ஸ்மோக்கிங்? டிரிங்க்ஸ்?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொன்னேன்: "பையனுக்கு எந்தப் பழக்கமும் இல்லை, டாக்டர்." அவர் அடுத்த கேள்விக்குப் போனார். நீ மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கால் வலி என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு உனக்கு என்ன நடந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. வியர்த்துக் கொட்டியது. தலையணையைத் தூக்கி எறிந்தாய். ஊசி போட வந்த நர்ஸிடம் எரிந்து விழுந்தாய். உன் அம்மா கொண்டு வந்த ரசத்தை, வாய் எரிகிறது என்று தள்ளினாய். வலிக்கு இன்னும் ஊசி போடச் சொல்லி நான் சண்டை போட்டேன், போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் பாதம் நசுங்கிப் படுத்திருந்த ஸ்ரீராம்புரத்து ஆட்டோக்காரரை நினைவிருக்கிறதா? "சாமி, உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே கால் வலிக்குது. ஒரு தபா சிரிச்சா ஆஸ்பத்திரில கேஸ் போடுவாங்களா?" என்று உன்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். ஒரு மத்தியானம் அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், தம்பி எதுனா போடுமா?"

"போடறான்ப்பா. வேளாவேளைக்கு மாத்திரை போடறான்" என்றேன்.

அவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக வேலை பார்த்தவன் நான். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. 'போடுவது' என்றால் என்ன என்று அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, கன்னடக்காரர். "பாய் தெகி" என்று உன்னை வாய் திறக்கச் சொன்னார். உன் விரல் மூன்றைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். எல்லாருக்கும் மூன்று போகும். உனக்கு இரண்டே தட்டுத் தடுமாறித்தான் போயின. டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "சார், நீவு ஸ்வல்ப ஹொரகடெ இரி" என்று என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். என் மகன் என்னிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை, என் முன்னாலேயே கேளுங்கள் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். "அதுக்காகத்தான் சார் வெளியே இருக்கச் சொல்றேன்" என்றார்.

வராந்தாவில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. சொற்கள் கேட்கவில்லை, உன் குரல் மட்டும் கேட்டது. நீ பேசிக்கொண்டே இருந்தாய். வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கன்னடத்தில் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாய். அவர் வெளியே வந்ததும் என்ன சொன்னான் என்று கேட்டேன். கன்னட வாடையடிக்கும் தமிழில் பொறுமையாகவே பேசினார். "வாய் சரியாத் தெறக்கல சார். நாளைக்கு ஆப்பரேஷன் வேணாம். மயக்கம் குடுக்கும்போது குழாய் போட வேண்டி வந்தா கஷ்டம். நாங்க தயார் பண்ணிக்கணும்" என்றார். ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். "அவன் சொன்னதை அவன்தான் சார் உங்ககிட்ட சொல்லணும். நான் சொன்னா, நாளையிலேந்து எங்கிட்டயும் பொய் சொல்லுவான்." அப்படியானால் சேர்த்த அன்றே ஏன் இதைக் கேட்கவில்லை என்று குரலை உயர்த்தினேன். "கேட்டோம் சார். அப்பா அம்மா பக்கத்துல நிக்கும்போது கேட்டோம். இந்த வயசுப் பசங்க அப்ப என்ன சொல்லுவாங்க? அப்படிக் கேக்கறதும் கேக்காம இருக்கறதும் ஒண்ணுதான்."

நான் உள்ளே வந்து உன்னைக் கேட்டேன். "சிகரெட் பிடிக்கிறியா?"

"இல்லப்பா."

"குடிக்கிறியா?"

"சத்தியமா இல்லப்பா."

நான் நம்பினேன். அந்த டாக்டர் வேண்டுமென்றே பையன் மேல் பழி போடுகிறார் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்திரிகை வாங்க ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போனேன். அந்த வருஷங்களில் எந்தப் பெட்டிக்கடையைப் பார்த்தாலும் குட்கா பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். கடைக்காரனின் முகமே அந்தச் சரங்களுக்கு நடுவில்தான் தெரியும். சரத்துக்கு இந்தப் பக்கம் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கடைத்தெருவுக்குத் தனியாகப் போகக் கூச்சப்படுகிறவள். அவள் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரன்தான் கேட்டான். "என்னம்மா, பையனுக்கு இன்னைக்கு ஆப்பரேஷன்னீங்க?"

"தள்ளிப் போட்டுட்டாங்கப்பா."

"அடப் பாவமே. அதேதானே?"

"அதேதான்."

சரத்திலிருந்து கிழித்துக் கொடுத்தான். அவள் சாப்பாட்டுக் கூடையில் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"பாக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்கா வாங்குவேன்?"

ரோட்டோரத்திலேயே நின்று பேசினோம். "பாக்குதாங்க. சிகரெட்டா வாங்கிக் குடுத்தேன்? உங்க சித்தப்பா வெத்தலப் பெட்டிய இடுப்புலயே வெச்சிருந்தாரு, அவர யாரு என்ன கேட்டீங்க? புள்ள துடிக்கறான். நீங்க வந்து பேப்பர் படிச்சுட்டுப் போயிடறீங்க, நான்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒண்ணு வாயில போட்டா அடங்கிடறான்" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "காலேஜு சேந்ததுல இருந்து" என்றாள். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, "அதனாலதானே வீட்டுல காரத்தக் கொறச்சேன். அவனுக்கு வாய் எரியுதுன்னு" என்றாள்.

அந்த ஒரு வருஷம் முழுவதும் நான் சப்பென்று சாப்பிட்ட குழம்பு எல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. என்ன குழம்பு இது என்று நான் கேட்கும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்து சாப்பிட்டது ஞாபகம் வந்தது. எனக்கு வயதாகிறது, இரத்த அழுத்தம் வரும், காரம் ஆகாது என்று உன் அம்மா சொன்ன காரணங்கள் ஞாபகம் வந்தன. என் தட்டில் விழுந்தது உங்கள் இரகசியம். அதை நான் தினமும் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன். பெட்டிக்கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரருக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டருக்கு ஒரு டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிட்டது. உனக்காகச் சாட்சி சொன்னவனுக்கு மட்டும் தெரியவில்லை.

உன் கட்டிலுக்கு வந்து பாக்கெட்டுகளைப் போர்வை மேல் போட்டேன். நீ பயப்படவில்லை. அன்று என்னைச் சுட்டது அதுதான். "நீங்க கேட்டது சிகரெட் பிடிக்கிறியான்னு. இல்லைன்னு சொன்னேன். அது பொய்யாப்பா?" என்றாய். பிறகு கேட்டாய்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, நீயா ஒண்ணும் சொல்லாதேன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன். காவிரித் தகராறில் ஊர் கொதித்துக் கிடந்த நாட்களில், பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று, சின்னப் பையனாக இருந்த உன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னேன். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் கன்னடத்தில் பேசு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். வீடு எங்கே, அப்பா என்ன வேலை என்று நீயாக எதுவும் சொல்லாதே. அந்தக் காலத்தில் இந்த ஊரில் தமிழ் வீடுகள் பலவற்றில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்னொரு முறை அப்படி ஒரு காலம் வந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அது தெருவில் நிற்கும் அந்நியனுக்காகச் சொன்னது. அந்த அந்நியன் நின்ற இடத்தில் நீ என்னை நிறுத்தினாய். உண்மையைப் பேச உனக்குக் கன்னடமும் ஒரு டாக்டரும் வேண்டியிருந்தது. தமிழில், என்னிடம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

அந்த டாக்டர் அன்று மாலை மறுபடி வந்தார். உன்னிடம் அனுமதி கேட்டுவிட்டு உன் அம்மாவைக் கட்டிலருகே உட்கார வைத்து, டார்ச் அடித்து உன் வாய்க்குள் காட்டினார். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகியிருந்தது. "பாக்குதானேம்மா?" என்றாள் உன் அம்மா, கடைசி முயற்சியாக. "பாக்கும்தான்மா. பொகையிலையும்தான்" என்றார் டாக்டர். உன் அம்மா ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாக்கெட்டில் இருந்தது இங்கிலீஷும் இந்தியும். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். புகையிலை என்ற சொல்லை அவளுடைய பிறந்த வீட்டில் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அவளை நான் அன்றே மன்னித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் தெரியாமல் செய்தாள். நீ அந்தப் பாக்கெட்டைப் படிக்கத் தெரிந்தவன்.

டாக்டர் சொன்னதை நான் ஒரு நிருபனாகவே கேட்டுக்கொண்டேன். உனக்கு வியர்த்ததும் கோபம் வந்ததும் கால் வலியால் மட்டும் அல்ல. உன் அம்மா கொடுத்தது போதாமல் உடம்பு இன்னும் புகையிலை கேட்டது. நாங்கள் அதற்கு வலி ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். பாக்கு போட்டுக்கொண்டே இருந்தால் எலும்பு கூடுவதும் தாமதமாகும். "விடறதுக்கு இதைவிட நல்ல எடம் கெடைக்காது சார். இங்க கடை இல்ல, ஃப்ரெண்ட்ஸ் இல்ல. நாங்க இருக்கோம். அம்மாவும் எங்க பக்கம் வந்துட்டா போதும்" என்றார். திட்டக்கூடாது என்று எனக்கு உத்தரவு. கீழ்த் தளத்திலிருந்து பல் டாக்டரை வரவழைத்தார். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய் வாயை விரிக்கப் பழக்கினார்கள். "தம்பி, ஐஸ் இல்லாத குச்சிய சப்பற மொத ஆளு நீதான்" என்பார் ஆட்டோக்காரர். ஆனால் வாய் அரிக்கும் நேரத்தில் உன்னிடம் விடாமல் பேச்சுக் கொடுத்து அதைத் தாண்டவைத்ததும் அவர்தான். தினமும் ஒரு முறை டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு உன்னிடம் பேசுவார். நான் முணுமுணுக்காமல் வெளியே போகப் பழகினேன். ஆப்பரேஷன் நடந்தது. கால் கூடியது. வாய் மூன்று விரலுக்கு முழுசாக வரவில்லை. இனிமேல் போடாமல் இருந்தால் மோசமாகாமல் இருக்கும், போட்டால் எதில் போய் முடியும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதன் அர்த்தம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு மெல்ல மெல்லக் குழம்பில் காரம் ஏறியது. நீயும் சாப்பிட்டாய். நான் அதோடு சந்தேகத்தை விட்டுவிட்டேன். உன் சட்டைப் பையைப் பார்த்ததில்லை. உன் நண்பர்களை விசாரித்ததில்லை.

போன மாதம் விவேக் நகர் மண்டபத்தில் உன் தங்கை குழந்தையின் காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். லட்டைக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளினாய். வத்தக்குழம்பைத் தொடாமல் தயிர் சாதத்துக்குப் போனாய். வெளியே வந்து பேசியபோது தாடையைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினாய். வாயில் எச்சில் தேங்கியிருப்பவன் அப்படித்தான் பேசுவான்; இந்த ஊரில் பஸ் கண்டக்டரிலிருந்து கம்பெனி மேனேஜர் வரை அந்தத் தாடையை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை நான் சரியான சொல்லைக் கேட்டேன். "மறுபடியும் போடறியா?"

"அதெல்லாம் எப்பவோ விட்டாச்சுப்பா. நைட் ஷிஃப்ட் டென்ஷன்ல பல்லக் கடிக்கறேன், தாடை வலிக்குது. அவ்வளவுதான்."

பதினேழு வயதில் நீ என்னை ஏமாற்றினாய்; அதில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று உன்னால் வாதாட முடிந்தது. இது பொய். வார்த்தைக்கு வார்த்தை பொய். அதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொய்யை என் வாயால் இன்னொருவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பப் பார்க்கிறாய். ஒருமுறை தெரியாமல் சொன்னேன். தெரிந்து சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். திங்கட்கிழமை அந்தப் பெண் எனக்கு ஃபோன் செய்தாள். "அங்கிள், அப்பாவுக்குத் தெரியாம பேசறேன்" என்று ஆரம்பித்தாள். நீங்கள் இருவரும் காப்பிக் கடையில் சந்தித்ததைச் சொன்னாள். உன்னைப் பிடித்திருக்கிறது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ஆனா சிரிக்கறப்ப கைய வாய்க்குக் குறுக்க வெச்சுக்கறார் அங்கிள். எங்க பெரியப்பா அப்படித்தான் வெச்சுப்பார், கடைசி வரைக்கும்" என்றாள். பெரியப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. "சிகரெட் உண்டான்னு கேட்டேன். இல்லைன்னார்."

"அது உண்மைதாம்மா" என்றேன்.

அவள் உடனே கேட்டாள்: "அப்ப நான் வேற எதைக் கேட்டிருக்கணும் அங்கிள்?"

நான் அவளிடம் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பற்றிச் சொல்லவில்லை. விட்டானா, மறுபடி தொடங்கினானா என்று சொல்லவில்லை. உன்னுடையதை நீதான் சொல்ல வேண்டும் என்பதை அந்த வராந்தாவில் கற்றுக்கொண்டேன். ஆனால் எந்தச் சொல்லை வைத்துக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். 'பழக்கம்' என்று கேட்காதே, 'பாக்கு' என்று கேள். உண்டா இல்லையா என்று கேட்காதே, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேள். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது கேள். அவள் மெதுவாக ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் தானும் வருவதாகச் சொன்னாள்.

அப்பாவே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். அவளை ஒரு பொய்யின் மேல் உட்கார வைத்துக் கல்யாணம் செய்து வைப்பதைவிட உன் கோபத்தைத் தாங்குவது எனக்குச் சுலபம். எனக்கு இன்னும் பயமாக இருப்பது உன் வாய்க்காகத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நீ சொன்னால் அவள் எழுந்து போய்விடலாம். போகாமலும் இருக்கலாம், பெரியப்பாவைப் பார்த்துவிட்டும் உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னவள் அவள். உனக்குத் துணையாக மறுபடி ஒரு டாக்டரைத் தேடிப் போக நான் இருக்கிறேன். வெளியே நிற்கச் சொன்னால் வெளியே நிற்பேன்.

இந்தக் கடிதத்தை உன் தங்கை கையில் இப்போதே கொடுத்தனுப்புகிறேன். இன்று வியாழக்கிழமை. அந்தப் பெண்ணின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. அவள் கேட்பதற்கு முன்பு நீயாகச் சொல்ல வெள்ளியும் சனியும் மிச்சம் இருக்கின்றன.